ஊசிக்கு முன்னால் சில கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டிலிருந்து யாரோ வெளிநாடு போகிறார்கள் என்பதை வரவேற்பறையைப் பார்த்தே சொல்லிவிடலாம். நிறை பார்க்கும் தராசு நடுவில் கிடக்கும். பெட்டி அதன்மேல் ஏறும், இறங்கும், மறுபடி திறக்கப்படும். வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பருத்தித்துறை வடை, அங்கே இருக்கும் யாருடைய பிள்ளைக்கோ யாரோ கொடுத்துவிட்ட தேசிக்காய் ஊறுகாய் என்று ஒவ்வொன்றுக்கும் கால் கிலோ, அரைக் கிலோ பேரம் நடக்கும். உடம்புக்கென்று ஒரு சின்னப் பை இருக்கும். அதில் பனடோல் (பரசிட்டமோல்) இரண்டு அட்டை, சித்தாலேப தைலம் ஒரு டப்பி, சமஹன் மூலிகைப் பொடி ஒரு பெட்டி. சுகாதார ஏற்பாடு அத்தோடு முடிந்தது.

"மெடிக்கல் எடுத்தாயிற்றா?" என்று அயலவர் கேட்பதுண்டு. அது வேறு விடயம், அது விசாவுக்கு. பிரித்தானியாவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர் தனக்குக் காசநோய் இல்லை என்று நெஞ்சுப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணின் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கிறார்கள். அவள் கர்ப்பமாக இல்லை என்று தாளில் எழுதி வாங்குகிறார்கள். சுற்றிச் சுற்றி எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் எங்கள் நாட்டுக்குள் எதையாவது கொண்டுவருகிறாரா?

எங்களுக்கு இது பழைய கதை. என் கணவரின் பூட்டன் இந்தியாவிலிருந்து இலங்கை மலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, அவரைப் போன்றவர்கள் மண்டபம் முகாமில் இறக்கப்பட்டு நாட்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டார்கள். இடம் இந்திய மண், நடத்தியது இலங்கை அரசாங்கம். அங்கே அம்மைப்பால் குத்தினார்கள், வாந்திபேதி இருக்கிறதா என்று பார்த்தார்கள். தோட்டங்களுக்குள் கொள்ளைநோய் வந்துவிடக் கூடாது என்பதில் துரைமாருக்கு இருந்த கவலை நியாயமானதுதான். ஆனால் மலையில் மார்கழிக் குளிர் எப்படி இருக்கும், அட்டை கடித்த புண் அழுகினால் என்ன செய்வது என்று அந்த மனிதருக்கு எவரும் உட்காரவைத்துச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பயணம் போகிறவரின் உடம்பை அவருக்காகவே ஒருவர் விசாரிக்கக்கூடும் என்பதை நான் முதலில் கண்டது இங்கிலாந்தில், மேற்படிப்புக்குப் போயிருந்த பல்கலைக்கழகத்தில். கள ஆய்வுக்காக உகண்டா போக வேண்டியிருந்தது. மாணவர் சுகாதார நிலையத்தில் இருந்த பயண மருத்துவக் கிளினிக்குக்குப் போய்வந்ததற்கான தாள் இல்லாமல், செலவுப் பத்திரத்தில் துறைத் தலைவர் கையெழுத்துப் போடமாட்டார். புறப்படுவதற்கு ஆறு வாரமாவது முன்னால் போகச் சொன்னார்கள்.

கிளினிக்கில் இருந்த தாதி ஊசி எதையும் எடுக்கவில்லை. உகண்டா வரைபடத்தை மேசையில் விரித்துப் பேனாவை என் கையில் தந்து, "இரவில் எங்கெங்கே தூங்கப் போகிறீர்கள், குறியுங்கள்" என்றார். பகலில் நான் எங்கே அலைகிறேன் என்பதில் அவருக்கு அப்போது அக்கறை இல்லை. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு அந்திக்கும் விடியலுக்கும் இடையில் கடிப்பது. ஆகவே தூங்கும் இடத்தில் ஜன்னலுக்கு வலை உண்டா, கட்டிலுக்கு நுளம்பு வலை உண்டா, கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா என்று அவருடைய கேள்விகள் போயின. கழிப்பறை வெளியில் என்றால் இரவில் எழுந்து போகும் அந்தச் சில நிமிடங்களுக்கும் காலை மூட வேண்டும் என்றார்.

அடுத்தது என்னைப் பற்றி. எப்போதாவது மனச்சோர்வுக்கு மருந்து எடுத்திருக்கிறேனா? இவருக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்குள் ஒரு முறுகல் எழுந்தது. அவர் காரணத்தையும் சொன்னார். மலேரியா வராமல் தடுக்கும் மாத்திரைகளில் மெஃப்லோகுயின் என்பதை வாரம் ஒன்று விழுங்கினால் போதும். ஆனால் சிலருக்கு அது பயங்கரக் கனவுகளையும் பதற்றத்தையும் தரும், மனநோய் வரலாறு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. டொக்சிசைக்ளின் மலிவு, ஆனால் தினமும் எடுக்க வேண்டும், வெயிலில் தோல் எளிதில் எரியும், கர்ப்பிணிகளுக்குக் கூடாது, ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். அட்டோவாகுவோன், புரோகுவானில் இரண்டும் சேர்ந்த மாத்திரையைத் திரும்பியபின் ஏழு நாள் எடுத்தால் போதும், ஆனால் விலை அதிகம். வெயிலில் நடக்கும் வேலையா, பிள்ளை பெறும் எண்ணம் உண்டா, பணம் எவ்வளவு இருக்கிறது, வீடு திரும்பிய பிறகும் மறக்காமல் மாத்திரை போடுகிற ஆளா என்று அவர் கேட்டுக்கொண்டே போனது மூன்றில் எனக்குப் பொருந்துவது எது என்று கண்டுபிடிக்கத்தான்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பற்றிப் பேசியதைவிட நீண்ட நேரம் அவர் பேசியது மோட்டார் சைக்கிளைப் பற்றி. உகண்டாவில் 'போடா போடா' என்று வாடகைக்கு ஓடும் மோட்டார் சைக்கிள்கள் எங்கள் முச்சக்கர வண்டியைப் போலத் தெருவெல்லாம் நிற்கும். வெளிநாடு போகும் ஆரோக்கியமான ஓர் இளம் ஆளைக் கொல்லக்கூடியவற்றில் கிருமிகளைவிட வீதி விபத்து முன்னால் நிற்கிறது. தலைக்கவசம் இல்லாத வண்டியில் ஏறாதீர்கள், இரவில் ஏறவே ஏறாதீர்கள் என்று சொல்லி, அதற்கு ஊசி இல்லை என்று தோளைக் குலுக்கினார்.

பிறகு, "நீந்துவீர்களா?" என்றார். விக்டோரியா ஏரியைப் படத்தில் பார்த்தாலே இறங்கத் தோன்றும். குளத்தைக் கண்டால் கரையில் செருப்பைக் கழற்றிவைக்கிற ஊரில் வளர்ந்தவளுக்கு அதைச் சொல்லவும் வேண்டுமா? அந்த நீரில் வாழும் ஒருவகை நத்தையிலிருந்து வெளிவரும் நுண்ணிய புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். அது பில்ஹார்சியா என்னும் நோயைத் தரும். வாயை மூடிக்கொண்டு குளித்தாலும் பயனில்லை, முழங்கால் வரை இறங்கினாலே போதும். இலங்கைக் குளங்களில் அந்த நோய் இல்லாததால் எனக்கு அந்தப் பயம் பழக்கமில்லை. பயணத்தில் ஆளை விழுத்துவது பெரும்பாலும் இப்படியானதுதான். தெரிந்த ஆபத்துக்கு நாங்கள் பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறோம். ஆபத்து என்றே தெரியாததில் சந்தோஷமாக இறங்கிவிடுகிறோம்.

இதில் பல்கலைக்கழகத்துக்குச் சுயநலமும் உண்டு. மாணவர் நடுவழியில் விழுந்தால் காப்புறுதிக்காரர்கள் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. தங்கள் பாதுகாப்புக்காகவாவது என்னை உட்காரவைத்து விசாரித்தார்களே.

இங்கே திரும்பி வந்த பிறகு, ஆபிரிக்கா போகும் சக ஊழியர்களிடம் இதையெல்லாம் சொன்னால் ஒரே பதில்தான் வரும்: "அது வெள்ளைக்காரருக்கு. நாங்கள் வெப்ப நாட்டுக்காரர், எங்களுக்கு ஒன்றும் செய்யாது." வன்னியில் பிறந்த ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "சின்ன வயதில் மூன்று முறை மலேரியா வந்த உடம்பு இது" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். மலேரியாவுக்கு எதிராக உடம்பு சேர்த்துவைக்கும் எதிர்ப்பு, தொடர்ந்து கடி வாங்கிக்கொண்டிருக்கும்வரைதான் நிற்கும்; விட்டு விலகினால் ஓரிரு ஆண்டுகளில் கரைந்துவிடும். அவர் கடைசியாக மலேரியா மருந்தான குளோரோகுயினின் கசப்பைச் சுவைத்தே இருபது ஆண்டுக்கு மேலாகிறது.

எங்கள் நாட்டுக்கு மலேரியாவோடு இருக்கும் உறவே விசித்திரமானது. 1934-35 கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். பிறகு டி.டி.டி. பூச்சிமருந்தை அடித்து அடித்து 1963இல் நாடு முழுவதற்கும் 17 நோயாளிகள் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். வென்றுவிட்டோம் என்று கை ஓய்ந்ததும் அறுபதுகளின் கடைசியில் அது இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் பட்ட பாடு வேறு. 1999இல்கூட நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா. நாட்டுக்குள் தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த நல்ல செய்தியால் கொழும்பில் இன்று முப்பது வயதில் இருப்பவருக்கு மலேரியா என்றால் பள்ளிப் புத்தகத்துப் படம். இப்போது இங்கே காணப்படும் மலேரியா அநேகமாக எல்லாம் வெளியில் தொற்றி விமானத்தில் வருவது. மடகாஸ்கருக்கும் மொசாம்பிக்குக்கும் கல் வாங்கப் போகும் மாணிக்க வியாபாரிகளைக் கேட்டுப் பாருங்கள், காய்ச்சலோடு திரும்பிய ஒருவரையாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான வழக்கு ஒன்று போன ஆடியில் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே வந்தது. கனடாவில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பெறாமகள், அக்காவின் மகள், விடுமுறைக்குக் கொழும்பு வரப் புறப்பட்டாள். அவளுடைய பல்கலைக்கழகக் கிளினிக்கில், நெருப்புக்காய்ச்சலுக்கும் (டைபாய்டு) ஹெபடைட்டிஸ் ஏ நோய்க்கும் ஊசி போட்டுக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். தொலைபேசியில் என்னிடம் முறையிட்டார்: "சொந்த வீட்டுக்கு வர ஊசியா? அம்மா சமைத்ததைச் சாப்பிட ஊசியா? நாங்கள் இரண்டு பேரும் எத்தனை வருடம் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தோம்!"

நான் கிளினிக்கின் பக்கம் நின்றேன். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் நெருப்புக்காய்ச்சலோடு வைத்தியசாலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் உல்லாசப் பயணிகள் அல்லர்; தெற்காசியாவில் உள்ள சொந்தக்காரரைப் பார்க்கப் போய்வந்தவர்கள். உல்லாசப் பயணி ஹோட்டலில் போத்தல் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு கிழமையில் போய்விடுவார். சொந்தக்காரரோ மாதக்கணக்கில் தங்குவார், கோயில் அன்னதானத்தில் பந்தியில் உட்காருவார், கலியாண வீட்டில் மோர் குடிப்பார், ஊர் ஊராகப் போவார், ஊசி போட மட்டும் நினைக்கமாட்டார். அக்காவின் உடம்புக்குப் பழகியது மகளின் உடம்புக்குப் பழகியிராது. அவள் பிறந்து வளர்ந்தது வேறு தண்ணீரில்.

பிள்ளை கிளினிக்கில் ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். மாமி வீட்டில் கண்ணாடிக் குவளையில் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மாமி மனம் நோவாரே! "தேநீர் கேள்" என்றாராம் அங்கிருந்த தாதி. தேநீர் என்றால் தண்ணீர் கொதித்திருக்கும், மாமிக்கும் உபசரித்த திருப்தி. இதை எந்தக் கைநூலிலிருந்து எடுத்தார் என்று தெரியவில்லை, ஆனால் எங்கள் மாமிமாரை அறிந்த வாய் அது. கண்முன்னால் வெட்டித் தரும் செவ்விளநீரையும் நான் அதோடு சேர்த்துக்கொண்டேன். வெட்டி வைத்த அன்னாசியை, மிளகாயும் உப்பும் எவ்வளவு அழகாகத் தூவியிருந்தாலும், பஸ் நிலையத்தில் வாங்கவேண்டாம் என்றேன். அவள் வாங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. அதை நான் இங்கே எழுதாவிட்டால் அவள் எழுதச் சொல்வாள்.

கொழும்பு வருகிறவர் ஊசியை மட்டும் நம்பியிருக்க முடியாதது டெங்கு. 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. மேல் மாகாணத்தின் பங்குதான் பெரிது. அந்த நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையிலும் பின்னேரத்திலும் கடிப்பது. எனவே இரவு வலை மட்டும் போதாது, பகலில் நுளம்பு எதிர்ப்புக் களிம்பு பூச வேண்டும். வெயில் களிம்பை முதலில் பூசி, அதன்மேல் நுளம்புக் களிம்பு. காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும். இபுபுரோஃபனோ அஸ்பிரினோ இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். இதையெல்லாம் கனடாவில் இருக்கும் ஒருவர் என் பெறாமகளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஐந்து மாடிக்குக் கீழே பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்கவிட்டிருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குழு இன்னும் அதை அறியவில்லை.

இனிக் கொழும்பிலிருந்து புறப்படுகிறவரின் நிலைக்கு வருகிறேன். அந்த ஆங்கிலப் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் கிடைத்தது எல்லாம் இங்கேயும் கிடைக்கிறது. ஒரே அறையில் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் துறையில் இளைய விரிவுரையாளர் ஒருவர் கானாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் போக இருந்தார். கானா யாரையும் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடாது. "அக்கா, இதை எங்கே போடுவது?" என்று கேட்டபோது, புறப்பட மூன்று வாரம்தான் இருந்தது. சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். கடைசி வாரத்தில் நினைத்துக்கொள்கிறவர் விமான நிலையத்தில் நின்று அழ வேண்டியதுதான்.

பொரளையில் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கும் அதே வீதியில் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு அங்கேதான் போக வேண்டும், கடவுச்சீட்டோடு. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது புத்தி. இந்த மருந்தைக் கரைத்த பிறகு வைத்திருக்க முடியாது, சில மணி நேரத்தில் பயன்படுத்தியாக வேண்டும். முட்டை ஒவ்வாமை உண்டா என்று கேட்பார்கள், ஏனென்றால் அந்த வைரஸை வளர்ப்பது கோழி முட்டைக் கருவில். அறுபது வயதைத் தாண்டியவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், பாலூட்டும் தாய்மார் எல்லோரும் ஊசிக்கு முன்பே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்; இது உயிருள்ள, பலவீனப்படுத்தப்பட்ட வைரஸ். 1937இல் மக்ஸ் தைலர் உருவாக்கிய அதே 17டி வகையைத்தான் உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. அதற்காக அவருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது. முன்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது. 2016 ஜூலையிலிருந்து ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். ஆகவே சான்றிதழாகத் தரும் அந்த மஞ்சள் புத்தகத்தைத் தொலைக்காமல் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புத்தகம் நான் மேலே சொன்ன பழைய கணக்கைச் சேர்ந்ததுதான், ஒத்துக்கொள்கிறேன். திரும்பி வரும்போது அதைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் எங்கள் அதிகாரிகளும் கேட்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புவது. நுளம்பு இங்கே தயாராக இருக்கிறது, வைரஸ் மட்டும் இல்லை. இந்தச் சோதனையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

நானும் அந்த விரிவுரையாளரும் பொரளையிலிருந்து ஓட்டோ பிடித்து நாரஹேன்பிட்டிக்குப் போனோம். மலேரியா எதிர்ப்பு இயக்கத்தின் தலைமையகம் அங்கே எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது. வெளிநாடு போகிறவர்களுக்கு மலேரியாத் தடுப்பு மாத்திரைகளை அவர்கள் இலவசமாகவே தருகிறார்கள். இது கொழும்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. மேசையில் இருந்த அதிகாரி கானாவில் எந்த ஊர், எத்தனை நாள், என்ன நிறை, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். திரும்பியதும் இரத்தம் சோதிக்க வரச் சொன்னார். "காய்ச்சல் வந்தால் ஆபிரிக்கா போய்வந்தேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்" என்றார். காரணம் எளிது. கொழும்பில் காய்ச்சல் என்று போனால் டெங்குவுக்கான இரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். மலேரியாவைக் கண்ணால் கண்டிராத இளம் வைத்தியருக்கு அது நினைவில் வராமல் போகலாம். ஃபால்சிபாரம் வகை மலேரியாவில் ஒரு நாள் தாமதமும் உயிர்க்கணக்கு. திரும்பி மூன்று மாதத்துக்குள் வரும் எந்தக் காய்ச்சலும் அவசரம்தான். வைவாக்ஸ் வகை ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் எழும்.

இங்கே, அந்த மேசையில், நான் இங்கிலாந்தில் கேட்ட குரலை மறுபடி கேட்டேன். அரச அலுவலகம், பழைய மேசை, ஆடும் நாற்காலி, ஆனால் அவர் கேட்டது எல்லாம் என் சக ஊழியரின் நலனுக்காக.

அதற்கு அடுத்து ஒரு தனியார் வைத்தியசாலைக்குப் போனோம், நெருப்புக்காய்ச்சல் ஊசிக்காக. தடுப்பூசிக் கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "எந்த ஊசி வேண்டும்?" எங்கே போகிறார், எப்போது போகிறார், முன்பு என்ன போட்டிருக்கிறார் என்று ஒரு சொல் இல்லை. வாங்குகிறவருக்கே தெரிந்திருக்க வேண்டும். விரிவுரையாளர் மூன்று ஊசியைச் சொல்லியிருந்தால் மூன்றையும் போட்டு அனுப்பியிருப்பார்கள். உயிருள்ள கிருமி ஊசிகள் இரண்டைப் பொதுவாக ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். இடையில் போட்டால் இரண்டாவது சரியாகப் பிடிக்காமல் போகலாம். நெருப்புக்காய்ச்சலுக்கான வழமையான ஊசி அந்த வகை இல்லை என்பதால் எங்களுக்குச் சிக்கல் இருக்கவில்லை. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி அந்த வகைதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் மாணவர்களிடம் முதலில் கேட்பதும் அதைத்தான்.

அந்த மாணவர்கள் கதை தனி. பிள்ளைக்குப் போட்ட ஊசிகளெல்லாம் எழுதப்பட்ட சுகாதாரப் பதிவேட்டைக் கொழும்புத் தாய்மார் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பார்கள். 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த குடும்பங்களிலும் 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த குடும்பங்களிலும் அந்தப் பதிவேடு எங்கே போனதென்று கேட்பதே கொடுமை. அப்படிப்பட்ட பிள்ளை ஒருவர் அமெரிக்காவில் இடம் கிடைத்து என்னிடம் வந்து, ஊசி போட்டதற்குச் சாட்சி இல்லாததால் இடம் போய்விடுமோ என்று தவித்தார். போகாது. இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று சோதித்து அறிக்கை கொடுக்கலாம். அல்லது ஊசியையே மறுபடி போட்டுக்கொள்ளலாம், கூடுதலாக ஒன்று போடுவதால் கெடுதல் இல்லை. இன்னொன்று, எங்கள் எல்லோருடைய இடது தோளிலும் பிறந்த உடனே போட்ட பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு உண்டு. அதனால் கையில் குத்திப் பார்க்கும் காசநோய்ச் சோதனை நோயே இல்லாதவருக்கும் தடித்துக் காட்டக்கூடும். தழும்பு குழப்பாத இரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதைச் செய்ய முடியுமா என்று பல்கலைக்கழகத்தைக் கேட்கச் சொன்னேன். இதைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். சமூகவியல் படிப்பிக்கும் என்னிடம் வந்திருக்கக் கூடாது.

மருந்துகள். என் கோபமெல்லாம் அந்த வெள்ளைத் தாள் உறைகள்மீது. தெருமுனை வைத்தியர் மாத்திரையை எண்ணிப் போட்டு, மேலே 'காலை 1, இரவு 1' என்று கிறுக்கித் தருவாரே, அது. பெயர் இல்லை, அளவு இல்லை. வட்டமான வெள்ளை ஒன்று, நீள்வட்டமான மஞ்சள் ஒன்று. வீட்டில் அது ஓடும். டுபாய் விமான நிலையத்தில் அந்த உறையைத் திறந்து இது என்ன என்று கேட்டால் எந்த அப்பா பதில் சொல்வார்? ஐக்கிய அரபு அமீரகத்தில் கோடீன், ட்ரமடோல் போன்றவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள்; முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் பொலிஸ் வரை போகும். சில இருமல் பாணிகளிலும் வலி மாத்திரைகளிலும் கோடீன் இருக்கிறது. மாத்திரைகளை அவற்றின் சொந்த அட்டையிலேயே, மருந்தின் பொதுப் பெயர் எழுதிய வைத்தியர் கடிதத்தோடு, கைப்பையில் வையுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியில் உறைந்து கெடலாம். சலரோகக்காரர் நேர வித்தியாசத்துக்கு ஊசியை எப்படி மாற்றுவது என்று புறப்படும் முன்பே வைத்தியரிடம் எழுதி வாங்க வேண்டும், நடுவானில் யோசிக்க முடியாது. வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்னும் உப்புச் சீனிப் பொடி சில பைக்கற்றுகள். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில், குறையாமல். கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் உப்பு மிஞ்சி நோய் கூடும்.

காப்புறுதி பற்றிச் சுருக்கமாக: விசாவுக்காக வாங்கும் மலிவான பத்திரத்தில் ஏற்கெனவே இருக்கும் நோய்கள் சேராது. அப்பாவின் இருதயத்தை மறைத்து எடுத்த காப்புறுதி அப்பாவின் இருதயத்துக்கு உதவாது.

கானா போனவர் திரும்பி வந்து பத்து நாளில் காய்ச்சலில் விழுந்தார். அரச வைத்தியசாலையில் முதல் வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். உடனே மலேரியாவுக்கு இரத்தம் எடுத்து, முடிவு தெரியும்வரை ஆளை விடவில்லை. ஒன்றும் இல்லை, சாதாரண வைரஸ் காய்ச்சல். நுணுக்குக்காட்டியில் ஒன்றும் இல்லை என்று வந்த தாளை இன்னும் வைத்திருக்கிறார்.

இந்த அலைச்சலுக்குப் பிறகு எங்கள் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் நான் ஒரு பயண மருத்துவக் கிளினிக் கேட்டேன். ஊசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பணம் இல்லை என்றார்கள். ஊசியை நான் கேட்கவில்லை. ஊசி பொரளையில் இருக்கிறது, மாத்திரை நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. கிழமைக்கு ஒரு பின்னேரம், தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்த ஒரு தாதி, உலகப் படம் ஒன்று, பேனா ஒன்று. மாணவர் எங்கே தூங்கப் போகிறார் என்று கேட்டு, எந்த ஊசி, எந்த வரிசையில், எங்கே போட வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். சுகாதார நிலையத்தின் முன் மண்டபத்திலேயே ஒரு மேசை போட்டுத் தரலாம் என்றார் ஒருவர். அது வேண்டாம் என்றேன். மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தாயா, கர்ப்பமா, அங்கே ஒருவரோடு உறவு ஏற்பட்டால் என்ன செய்வாய் என்று பத்துப் பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் கேட்டால் எந்தப் பிள்ளையும் உண்மை சொல்லாது. அறை சின்னதாக இருக்கலாம், மின்விசிறி சத்தம் போடலாம். கதவு மூடக்கூடியதாக இருக்க வேண்டும்.